புது வீடு கட்டியாயிற்று, சந்தோசம் தங்கவில்லை. ஏன்?

குழித்துறையான்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஊர் மார்த்தாண்டத்துக்குப் பக்கம். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை. மஸ்கட்டுக்கு ஏ.சி. மெக்கானிக்காகப் போய், சூப்பர்வைசர் ஆகி, விசாவை முடித்துக்கொண்டு ஊரோடு வந்துவிட்டேன். அங்கே கேம்பில் ஒரு ரூமுக்கு ஆறு பேர், அடுக்குக் கட்டில். எனக்கு மேல்கட்டில். வீட்டு பிளானை மொபைலில் வைத்துக்கொண்டு, தூங்கப் போகும் முன் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பேன். சிட்அவுட் இங்கே. அம்மாவுக்கு ரூம் இங்கே, அவர்களால் மாடி ஏற முடியாது என்பதால் கீழேயே பாத்ரூம் சேர்த்து. படிக்கட்டுக்கு அடியில் ஸ்டோர். அந்த பிளானைப் பார்ப்பதில் எனக்கு இருந்த சந்தோசம் கொஞ்சநஞ்சம் இல்லை.

வீடு முடிந்தது. இரண்டு மாடி, தேக்கில் முன்கதவு, மாடுலர் கிச்சன், கார் நிற்க போர்ச். ஒரு ரூபாய் கடன் கிடையாது. எங்கள் சபைப் போதகர், ஐயர் என்போம், அவர் வந்து பிரதிஷ்டை ஜெபம் செய்துவைத்தார். ஊர்க்காரர்கள் எல்லாம் வந்து சாப்பிட்டார்கள். அன்று ராத்திரி ஒவ்வொரு ரூமாகப் போய் லைட்டைப் போட்டும் அணைத்தும் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரி சிரித்தாள்.

இப்போது அந்த ரூம்களுக்குள் போகவே தோன்றுவதில்லை. வேலை முடிவதற்கு முன்பே அம்மா போய்விட்டார்கள். மகள் அயர்லாந்தில் நர்ஸ். மகன் கனடாவில் படித்து அங்கேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டான், வருவான் என்று சொல்லமுடியாது. மேல்மாடியைக் கூட்டிப் பெருக்குவதற்கென்றே ஒரு ஆள் வருகிறது. எதிர்த்தாப்பில் ஒருத்தர் லிஃப்ட் வைத்து வீடு கட்டுகிறார். எனக்கு லிஃப்ட் தேவையே இல்லை. ஆனாலும் அதைக் கேள்விப்பட்ட அன்று சாப்பாடு இறங்கவில்லை. என் மனசு அப்படிப் போனது எனக்கே பிடிக்கவில்லை.

வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு, தசமபாகம், சபைக்குக் கொடுக்கத் தவறியதில்லை. குடி கிடையாது. யாரையும் ஏமாற்றிச் சம்பாதிக்கவில்லை. ஒரே ஒரு சங்கடம், காம்பவுண்டு சுவர் கட்டியதிலிருந்து பின்னால் குடியிருக்கிற அண்ணன் பேசுவதில்லை. அவனுக்கு வழி என் இடத்தை ஒட்டிப் போகிறது. பாகப்பத்திரத்தில் மூன்றடி என்று இருக்கிறது. மூன்றடி அளந்து விட்டுத்தான் கட்டினேன். அது வேறு விசயம், இதற்குச் சம்பந்தம் இல்லை.

என் கேள்வி இதுதான். "உலகப் பொருள் நிலையான மகிழ்ச்சி தராது" என்று பிரசங்கத்தில் கேட்கும்போதெல்லாம் ஆமென் சொல்லியிருக்கிறேன். ஏன் தராது என்று யாரும் சொன்னதில்லை. நான் ஏ.சி. ரிப்பேர் பார்த்தவன். "குளிரவில்லை" என்று கஸ்டமர் சொன்னால், ஆமாம் குளிரவில்லை என்று சொல்லிவிட்டு வரமுடியாது. கேஸ் லீக்கா, கம்ப்ரசரா, ஃபில்டர் அடைப்பா என்று கண்டுபிடிக்கவேண்டும். அப்படி ஒரு பதில் வேண்டும். "கர்த்தரில் மகிழ்ந்திரு" என்று ஒரு வரியில் முடித்துவிடாதீர்கள்.

ஆசீர்வாத மழை

பிரதர், பிரச்சினை வீட்டில் இல்லை, உங்கள் விசுவாசத்தில். தசமபாகம் கடமை. அதற்கு மேல் விதைத்தால்தான் அறுவடை. மல்கியா 3:10 வாசியுங்கள், வானத்தின் பலகணிகள் திறக்கும். வல்லமையான ஊழியர் ஒருவரை வீட்டுக்கு அழைத்து ஜெபித்து ஒரு விசேஷ காணிக்கை கொடுங்கள். எதிர்வீட்டுக்காரருக்கு லிஃப்ட் கொடுத்த தேவன் உங்களுக்கு அதைவிட மேலானதைத் தருவார். ஆமென்.

ஓட்டுவீட்டுப் பையன்

அண்ணே, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்த மாதிரி கேள்வியைப் படித்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. எங்கள் வீடு ஓட்டுவீடு. ஐப்பசி மழையில் அம்மா ராத்திரி எழுந்து எழுந்து வாளியை மாற்றி மாற்றி வைப்பாள். நான் சென்னையில் வேலைக்குச் சேர்ந்து, முதலில் செய்தது ஓடு மாற்றியதுதான். அந்த வருசம் மழையில் அம்மா விடியும்வரை தூங்கினாள். அது சந்தோசம் இல்லையா? பணத்தால் வந்த சந்தோசம்தானே?

கிரானைட் போட்ட கோவிலில் ஏ.சி. ஓடிக்கொண்டிருக்க, "பொருளில் மகிழ்ச்சி இல்லை" என்று மைக்கில் சொல்கிறார்கள். பொருள் இருக்கிறவர்கள் இல்லாதவர்களுக்குச் சொல்லும் ஆறுதல் மாதிரி இருக்கிறது. இன்னொன்று, "போதும் என்கிற மனது" என்கிறார்களே, எவ்வளவு போதும்? தொகை சொல்லுங்கள் பார்க்கலாம்.

நாசரேத் டீச்சர்

ரிட்டயர்டு தலைமையாசிரியை. கண் ஆபரேஷன் முடிந்திருப்பதால் மெதுவாகத்தான் தட்டச்சு செய்கிறேன். எழுத்துப்பிழை இருந்தால் திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள். ஆயுசு முழுக்க மற்றவர்களுடையதைத் திருத்தியாயிற்று.

முதலில் விசேஷ காணிக்கைக்காரருக்கு. லிஃப்ட்டைப் பார்த்துச் சாப்பாடு இறங்காத மனுஷனுக்கு லிஃப்ட்டைவிடப் பெரியதை வாக்குக் கொடுக்கிறீர்கள். நோய்க்கு மருந்தாக அதே நோயை இன்னும் ஒரு கரண்டி. வேறொன்றும் சொல்வதற்கில்லை.

ஓட்டுவீட்டுத் தம்பி சொன்னது சரி, அதை வேதமே சொல்கிறது. குளிரில் இருக்கிறவனிடம் "சமாதானத்தோடே போங்கள், குளிர்காய்ந்து பசியாறுங்கள்" என்று வாயால் சொல்லி அனுப்புகிறவனை யாக்கோபு எப்படித் திட்டுகிறான் என்று அவன் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் பாருங்கள். நீதிமொழிகள் 30-ல் ஆகூர் என்கிற மனுஷன் "தரித்திரத்தையும் ஐசுவரியத்தையும் எனக்குக் கொடாதிருப்பீராக" என்று ஜெபிக்கிறான். இரண்டையும் வேண்டாம் என்கிறான். சாப்பாடு இல்லாமல் போனால் திருடுவேன், அதிகமாய்ச் சாப்பிட்டால் கர்த்தர் யார் என்று கேட்பேன் என்று காரணமும் சொல்கிறான். எனக்குத் தெரிந்து வேதத்திலேயே தன்னைப்பற்றி இவ்வளவு தெளிவாகத் தெரிந்துவைத்திருந்த ஆள் அவன்தான். மழைக்கு ஒழுகாத கூரை ஆகூரின் ஜெபத்துக்குள் அடங்கும். உன் அம்மா தூங்கியது ஆசீர்வாதமே, தம்பி. அதை யாரும் குறை சொல்லவேண்டாம்.

இப்போது குழித்துறைத் தம்பிக்கு. காரணம் கேட்டீர்கள் அல்லவா, எனக்கு மூன்று தெரிகிறது. மூன்றாவதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்வேன், கோபித்துக்கொள்ளவேண்டாம்.

1 இராஜாக்கள் ஆறு முதல் பத்து வரை ஒரே மூச்சில் வாசித்துப் பாருங்கள். சாலொமோன் ஆலயம் கட்ட 7 வருஷம். தன் அரண்மனை கட்ட 13 வருஷம். ஒரே வருஷத்தில் வந்த பொன் 666 தாலந்து (தாலந்து அந்தக் கால எடை). பானபாத்திரம் எல்லாம் பொன். இதைச் சொல்லிக்கொண்டே வந்து இடையில் ஒரு வரி: சாலொமோனின் நாட்களில் வெள்ளி ஒரு பொருட்டாக எண்ணப்படவில்லை. வகுப்பில் இந்த இடம் வந்தால் நான் நிறுத்திவிடுவேன். அந்த வெள்ளிக்கு என்ன ஆனது? கறுத்துப்போகவில்லை, எடை குறையவில்லை. பக்கத்தில் பொன் வந்து நின்றது, அவ்வளவுதான். உங்கள் தேக்குக் கதவுக்கும் எதிர்வீட்டு லிஃப்ட் வந்த அன்று அதுதான் நடந்தது. பொருளின் மதிப்பு பொருளுக்குள் இல்லாமல் பக்கத்து வீட்டைப் பொறுத்து ஏறி இறங்குமானால், அதன்மேல் வைத்த சந்தோஷமும் கூடவே ஏறி இறங்கத்தானே செய்யும்? மனுஷனுக்குப் பார்த்தது பழகிப்போகும். அதில் உங்கள் குற்றம் எதுவும் இல்லை. பாலஸ்தீனத்து ராஜாவுக்கும் அப்படித்தான், பாளையங்கோட்டை மாணவிக்குப் புது ஜியாமெட்ரி பாக்ஸ் விஷயத்திலும் அப்படித்தான்.

இரண்டாவது, அந்த பிளான். பிளானில் அம்மா இருந்தார்கள். பிள்ளைகள் மாடியில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். நீங்கள் மேல்கட்டிலில் படுத்துப் பார்த்தது வீட்டை அல்ல, வீட்டில் இருக்கிறவர்களை. கட்டி முடித்த வீட்டில் சுவர் எல்லாம் பிளானில் இருந்தபடியே வந்திருக்கிறது, ஆட்கள்தான் இல்லை. பிரசங்கி இரண்டாம் அதிகாரத்தில் வீடு கட்டினேன், தோட்டம் போட்டேன், குளம் வெட்டினேன் என்று அடுக்கிவிட்டு, கடைசியில் எதை நினைத்துக் கசந்துகொள்கிறான்? எனக்குப் பின்னால் இதை ஆளப்போகிறவன் யாரோ, புத்திசாலியோ மூடனோ என்றுதான். உங்கள் மகன் மூடன் அல்ல. ஆனால் வரமாட்டான். அந்தத் துக்கத்துக்குப் "பொருளாசை" என்று பேர் வைத்து உங்களை நீங்களே அடித்துக்கொள்ளாதீர்கள். அம்மாவுக்காக இன்னும் அழுது முடியவில்லை என்றால் அழுங்கள். லாசரு இறந்தபோது இயேசுவே அழுதார்.

மூன்றாவது. "அது வேறு விசயம், இதற்குச் சம்பந்தம் இல்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, அது.

லூக்கா 12-ல் களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்டப் பார்த்த ஐசுவரியவானின் கதை எல்லாருக்கும் தெரியும். அந்தக் கதையை இயேசு எதற்காகச் சொன்னார் என்று கேட்டால் பாதிப்பேருக்குத் தெரியாது. கூட்டத்தில் ஒருவன் எழுந்து, "போதகரே, ஆஸ்தியைப் பாகம்பிரித்து எனக்குத் தரும்படி என் சகோதரனுக்குக் கட்டளையிடும்" என்கிறான். அண்ணன் தம்பி பாகத் தகராறு! அதற்குப் பதிலாக வந்ததுதான் "ஒருவனுக்கு எவ்வளவு திரளான ஆஸ்தி இருந்தாலும் அது அவனுக்கு ஜீவன் அல்ல" என்ற வசனமும், அதைத் தொடர்ந்து இந்தக் கதையும். அவன் கேட்டது நியாயமா இல்லையா என்று இயேசு விசாரிக்கவே இல்லை. சட்டப்படி அவன் பக்கம் நியாயம் இருந்திருக்கலாம், உங்கள் மூன்றடி மாதிரி.

கதையில் வருகிற ஐசுவரியவானைக் கவனியுங்கள். அவன் திருடவில்லை. நிலம் நன்றாய் விளைந்தது, அவ்வளவுதான். அவனுக்கு வந்த யோசனையை யாரிடம் சொல்கிறான்? தன் ஆத்துமாவிடம். பெண்டாட்டி இல்லை, அண்ணன் இல்லை, கூலிக்காரன்கூட இல்லை. "ஆத்துமாவே, நீ இளைப்பாறி, புசித்துக் குடித்து, பூரிப்பாயிரு" என்று தனக்குத்தானே விருந்து வைத்துக்கொள்கிறான். அந்த விருந்துக்கு வர வேறு ஆள் கிடையாது. சுவரைப் பெரிதாக்கப் பெரிதாக்க உள்ளே ஆள் குறைகிறது. பொருள் ஏன் சந்தோஷம் தராது என்று கேட்டீர்கள். பொருளுக்கு அந்த வேலையே தெரியாது, தம்பி. மனுஷரும் தேவனும் தரவேண்டியதைக் கல்லிடம் கேட்டால் கல் என்ன செய்யும்?

வீட்டை விற்றுத் தரித்திரருக்குக் கொடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். "நாம் அநுபவிக்கிறதற்குச் சகலவித நன்மைகளையும்" தேவன் கொடுக்கிறார் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதுகிறான். அதை வாசிக்காமல் தாண்டிப்போகிறவர்கள் நம்மில் நிறையப்பேர். ஆதிசபை வீடுகளில்தான் கூடி வளர்ந்தது. அப்போஸ்தலர் 12-ல் பேதுரு சிறையிலிருந்து தப்பி ராத்திரியில் வந்து கதவைத் தட்டுவது மாற்குவின் தாயாகிய மரியாளின் வீட்டில். வாசல்கதவைத் தட்டினால் ரோதை என்கிற வேலைக்காரப் பெண் வந்து யார் என்று கேட்கிற அளவுக்கு வசதியான வீடு. உள்ளே அநேகர் கூடி ஜெபித்துக்கொண்டிருந்தார்கள். மரியாளுக்கு அந்த வீட்டால் சந்தோஷம் இருந்ததா என்று வேதம் சொல்லவில்லை. நடு ராத்திரியில் தட்டலாம் என்று பேதுருவுக்குத் தோன்றியிருக்கிறது. உங்கள் வீட்டை அந்த நேரத்தில் தட்ட யாருக்குத் தைரியம் உண்டு?

கீழே அம்மாவுக்கென்று கட்டின ரூம் சும்மா கிடக்கிறது, பாத்ரூமோடு. நெய்யூர் ஆஸ்பத்திரி 1838-லிருந்து இருக்கிறது. அங்கே வெளியூரிலிருந்து நோயாளியோடு வருகிறவர்கள் தங்க இடமில்லாமல் திண்டாடுவதை நானே பார்த்திருக்கிறேன். உங்கள் ஐயரிடம் கேட்டால் ஆள் அனுப்பமாட்டாரா? இதைச் சொல்கிறதற்கு இன்னொரு காரணமும் உண்டு: உங்கள் வீட்டுக்காரி அந்தப் பெரிய வீட்டில் பகல் முழுவதும் யாரோடு பேசுகிறார்கள் என்று நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை.

ஓட்டுவீட்டுப் பையன்

டீச்சர், அம்மா தூங்கியது பற்றிச் சொன்னதற்கு நன்றி. ஆனால் தொகை கேட்டேனே.

நாசரேத் டீச்சர்

விடமாட்டாய் போல. சரி, தொகை சொன்ன ஒருவர் உண்டு. ஜான் வெஸ்லி, மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கினவர். ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு வாலிபனைப்பற்றி ஒரு பிரசங்கத்தில் சொல்கிறார். அது அவரேதான் என்று எல்லாரும் எடுத்துக்கொள்கிறார்கள். முதல் வருஷம் வரவு 30 பவுண்டு. 28-ல் சாப்பாடு, துணி, இருப்பிடம் எல்லாம் முடித்து 2 பவுண்டை ஏழைகளுக்குக் கொடுத்தான். அடுத்த வருஷம் வரவு 60. அப்போதும் செலவு 28, கொடுத்தது 32. பிறகு 90, பிறகு 120. செலவு மட்டும் 28-லேயே நின்றது.

உனக்கு 28 எவ்வளவு என்று நான் சொல்லமுடியாது. சென்னை வாடகை எனக்குத் தெரியாது. ஆனால் சம்பளம் ஏறுவதற்கு முன்னாலேயே ஒரு காகிதத்தில் எழுதிவைத்துவிடு. ஏறின பிறகு எழுதினால் பேனா ஒரு பூஜ்யம் சேர்த்துத்தான் எழுதும்.

நம் பக்கத்திலேயே ஒருவர் இருந்தார், ரிங்கல்தௌபே. 1806-ல் மயிலாடிக்கு வந்த ஜெர்மன் மிஷனெரி. சம்பளம் கைக்கு வந்த வேகத்தில் கொடுத்துத் தீர்த்துவிடுவார் என்பார்கள். 1816-ல் உடம்பு கெட்டுப் புறப்பட்டுப் போனவர், என்ன ஆனார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. அவரைப்போல் செய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வயதான காலத்தில் கஞ்சி ஊற்ற ஆள் வேண்டும். வெஸ்லி போதும்.

குளச்சல் மகள்

நான் கத்தோலிக்கம். இங்கே எழுதலாமா என்று தயங்கித்தான் எழுதுகிறேன்.

டீச்சர் சொன்னதில் ஒரு இடத்தில் எனக்கு ஒப்பவில்லை. கல்லுக்குச் சந்தோசம் தர முடியாது என்றீர்கள். 2004 டிசம்பர் 26, கிறிஸ்மசுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, கடல் வந்தபோது நான் சின்னப் பெண். வீடு போயிற்று. அப்பாவின் வள்ளம் போயிற்று. எங்கள் தெருவில் ஆளும் போனார்கள், அதை இங்கே எழுதவில்லை. ஷெட்டில் இருந்தோம். அதற்குப் பிறகு சுனாமி குடியிருப்பில் வீடு கொடுத்தார்கள். சின்ன வீடுதான். என் அம்மா உள்ளே போய் முதலில் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். போட்டுவிட்டு அப்படியே கதவில் சாய்ந்து உட்கார்ந்து அழுதாள். பெண்பிள்ளைகளை வைத்துக்கொண்டு தார்ப்பாய்க்குள் படுத்தவளுக்குத்தான் தாழ்ப்பாளின் அருமை தெரியும். ஆகவே வீட்டைக் கல் என்று சொல்லாதீர்கள்.

ஆனால் அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்லவேண்டும். நிவாரணத்தில் பாத்திரம் வந்தது, ஸ்டவ் வந்தது, சேலை வந்தது. அம்மா எதையும் எடுத்துப் புழங்கமாட்டாள். அட்டைப்பெட்டியோடு பரண்மேல் அடுக்கிவைப்பாள். இன்றைக்கும் அப்படித்தான். நான் வாங்கிக்கொடுத்த மிக்சி பெட்டி பிரிக்காமல் இருக்கிறது. "இன்னொரு தடவை போயிருச்சுன்னா?" என்பாள். இல்லாதபோது எப்படிச் சமாளிப்பது என்ற பயம். வந்த பிறகு போய்விடுமே என்ற பயம். பயம் மட்டும் இடம் மாறவில்லை. குழித்துறை அண்ணன் காரணம் கேட்டீர்களே, எங்கள் வீட்டுப் பரண்தான் எனக்குத் தெரிந்த காரணம்.

விதைத்தால்தான் அறுவடை என்று எழுதினவருக்கு ஒரு வார்த்தை. நம் மாவட்டத்தில் தேவசகாயம் பிள்ளை இருக்கிறார். நீலகண்ட பிள்ளை என்று பெயர், மார்த்தாண்ட வர்மா அரண்மனையில் வேலை பார்த்தவர். அடுக்கடுக்காக நஷ்டம் வந்து மனம் உடைந்திருந்த நேரத்தில் டிலனாய்தான் அவருக்கு, எல்லாவற்றையும் இழந்தும் தேவனை விடாத யோபுவின் கதையைச் சொன்னார். 1741-ல் எங்கள் குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர் படைக்கே தளபதி ஆன அதே டச்சுக் கம்பெனிப் படைக்காரர். யோபு கதையின் கடைசியில் எல்லாம் இரண்டத்தனையாய்த் திரும்ப வருகிறது, அதைத்தான் எல்லாரும் விரும்பிப் படிக்கிறார்கள். நீலகண்டனுக்கு அப்படி ஒன்றும் வரவில்லை. 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். அதற்குப் பிறகு இருந்த வேலையும் போயிற்று, மரியாதையும் போயிற்று. எருமைமேல் ஏற்றி ஊர் ஊராக இழுத்துப்போய், 1752 ஜனவரியில் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக்கொன்றார்கள். 2022-ல் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். கோட்டாறு கோவிலில் கல்லறைக்குப் பக்கத்தில் நின்று யோசித்திருக்கிறேன்: விதை, அறுவடை என்று பேசுகிறவர்கள் இங்கே வந்து என்ன கணக்குச் சொல்வார்கள்?

அவர் சந்தோசமாக இருந்தாரா என்று எனக்குத் தெரியாது. பயப்படவில்லை என்று மட்டும் தோன்றுகிறது. என் அம்மாவுக்கு அதில் கொஞ்சம் கிடைத்தால் போதும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

நாசரேத் டீச்சர்

மகளே, கத்தோலிக்கமானால் என்ன. தாழ்ப்பாள் விஷயத்தில் நீ சொன்னதுதான் சரி, நான் எழுதினது ஆத்திரத்தில் கொஞ்சம் அதிகமாகிவிட்டது. அம்மாவிடம் கேட்டுப் பார், அந்த மிக்சியை வேறு ஒரு கல்யாணப் பெண்ணுக்குக் கொடுக்கச் சம்மதிப்பார்களா என்று. சில பேர் தனக்கென்றால் பெட்டியைப் பிரிக்கமாட்டார்கள், அடுத்தவருக்கென்றால் அவர்களே இறக்கிக் கொடுப்பார்கள்.

குழித்துறையான்

எல்லாரும் எழுதினதை வீட்டுக்காரிக்கு வாசித்துக் காட்டினேன். டீச்சரம்மா கடைசியில் அவளைப்பற்றி எழுதின வரி வந்ததும், "இந்த டீச்சர் நம்பர் இருக்கா?" என்று கேட்டாள். வேறொன்றும் சொல்லவில்லை.

ஓட்டுவீட்டுத் தம்பி, உன் கோபத்தில் நியாயம் இருக்கிறது. என் சின்ன வயசில் எங்கள் வீடும் ஓலைதான்.

கீழ் ரூம் விசயமாக ஐயரிடம் பேசினேன். நெய்யூரில் ஒருவரைப் பார்த்துச் சொல்கிறேன் என்றார். வீட்டுக்காரி அந்த ரூமுக்குப் பழைய கட்டிலே போதும், புதுசு வாங்கவேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

அண்ணன் விசயத்தில் எனக்கு இன்னும் மனசு முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. அவனும் சும்மா இருந்தவன் இல்லை, அதை எழுத ஆரம்பித்தால் இங்கே இடம் போதாது. அம்மாவின் கடைசி நாட்களில் ஆஸ்பத்திரிச் செலவுக்கு நான் பணம் அனுப்பினேன், ராத்திரி கூட இருந்தது அவன். அதை அவன் சொல்லிக்காட்டினது எனக்குத் தாங்கவில்லை. ஆனாலும் மூன்றடியில் ஆட்டோ போகாது என்பது உண்மை. அண்ணிக்கு முட்டுவலி. மழைக்காலத்தில் ரோட்டிலிருந்து குடையைப் பிடித்துக்கொண்டு சுவரை ஒட்டி அவர்கள் நடந்து போவது என் சிட்அவுட்டில் உட்கார்ந்தால் தெரியும். அதனால்தான் நான் இப்போது அங்கே உட்காருவதில்லை என்று இதை எழுதும்போதுதான் தோன்றுகிறது.

நேற்று போன் பண்ணினேன். எடுத்தான். ரப்பர் விலையைப்பற்றியே பேசிக்கொண்டிருந்துவிட்டு வைத்துவிட்டான். நானும் வேறொன்றும் கேட்கவில்லை.

ஒரு தகவல் மட்டும் வேண்டும். இன்னும் முடிவு எடுக்கவில்லை, தெரிந்துகொள்ளக் கேட்கிறேன். வழிக்கு இன்னும் ஆறடி விட்டுக்கொடுப்பதென்றால் வாய்ப்பேச்சாக விட்டால் போதுமா, பத்திரம் எழுதவேண்டுமா? கேட் தூண் ஒன்றும் சுவரும் இடிக்கவேண்டிவரும், அது பரவாயில்லை.

பத்திர எழுத்தர்

இதுவரை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இது என் தொழில் என்பதால் சொல்கிறேன்.

வாய்ப்பேச்சாக விடாதீர்கள். உங்கள் காலத்தில் ஓடும். கனடாவில் இருக்கிற மகனும் அண்ணன் பிள்ளைகளும் நாளைக்கு வந்து நிற்கும்போது, யார் எவ்வளவு விட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. நான் பார்க்கிற வழித் தகராறு பாதிக்கு மேல் அப்பாக்கள் பெருந்தன்மையாக வாயால் விட்டுக்கொடுத்த வழிகள்தான்.

அண்ணனுக்கு அந்த ஆறடியைத் தானசெட்டில்மெண்ட், அதாவது விலை வாங்காமல் கொடுக்கிற பத்திரமாகவே எழுதிக் கொடுக்கலாம். அல்லது நிலம் உங்கள் பேரிலேயே இருக்க, வழிப்பாத்தியம், அதாவது அந்த வழியே போய்வருகிற உரிமை மட்டும் எழுதலாம். எதுவானாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தால்தான் செல்லும். நிலத்தையே கொடுப்பதானால் பிறகு உட்பிரிவு செய்து அவர் பேருக்குப் பட்டாவும் மாற்றிவிடவேண்டும். பழைய பாகப்பத்திரத்தின் நகல், உங்கள் பட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நீள அகலம் தெளிவாகப் போட்டு, வாகனம் போக வர என்று வாசகத்திலேயே எழுதச் சொல்லுங்கள். "நடைபாதை" என்று எழுதிவிட்டால் அதற்கும் ஒரு வழக்கு வரும்.

தூணை இடிக்கும் முன் அளந்துவிடுங்கள். அளக்கிற அன்று அண்ணனையும் கூட வந்து நிற்கச் சொல்லுங்கள், டேப்பின் ஒரு முனையை அவர் பிடிக்கட்டும். இல்லாவிட்டால் அதிலும் அரை அடி குறைந்தது என்று பேச்சு வரும்.